காவல் கணு

புந்தா அரேனாஸில் அக்டோபர்.
காற்று கிழக்கே தள்ளும் நாட்களில்
தெருவோரக் கயிற்றைப் பிடித்தபடிதான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்.
வாசலில் ஓசோன் விளக்கு இன்று ஆரஞ்சு.
குளிர் நான்கு டிகிரி,
வெயில் என்று சொல்ல எதுவும் இல்லை.
ஆனாலும் ஆரஞ்சு.

குளிர்கிற ஊரில் வெயில் சுடாது என்று நம்பியவர்கள்
என் மேசைக்கு வருகிறார்கள்,
ஃபார்மலினில் மிதக்கும் சிறு துண்டுகளாக.

மெழுகில் உறைந்த தோலைச் சீவுவது என் வேலை.
ஒரு முடியின் தடிமனைப் பதினைந்தாக வகுத்தால் வரும் ஒரு பங்கு.
வெந்நீரில் அது சுருளாமல் படுக்க வேண்டும்,
பாலாடையை ஏந்துவதுபோல் கண்ணாடியில் ஏந்த வேண்டும்.
தும்மக் கூடாது.
பிறகு ஊதா, பிறகு இளஞ்சிவப்பு.
ஆட்டுமயிர் கத்தரிப்பவர், பாதிரியார், வங்கி மேலாளர்,
எல்லாருக்கும் அதே இரண்டு நிறம்.

எவாரிஸ்தோ பாரியா. வயது அறுபத்து மூன்று.
நண்டுப் படகில் நாற்பது பருவம்.
கணுக்காலுக்கு மேலே ஒரு மச்சம்,
எலி கடித்த ரொட்டி ஓரம்.
ஆழம் ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
மெலனோமா, அதில் சந்தேகமில்லை.
எதுவரை நடந்திருக்கிறது என்பதில்தான்.

டாக்டர் யாஸ்னா வுகாசோவிச் நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றினார்.
அது போன வழியே போய்
தொடையிடுக்கில் காவல் கணுவைத் திறந்தார்.
தொலைபேசியில் எனக்குச் சொன்னது ஒரே வார்த்தை:
"கறுப்பு."

நடைபாதையில் அவருடைய தம்பி
இரண்டு காபி வாங்கி வைத்திருந்தார்.
ஒன்று அண்ணனுக்காம்.
ஆறிக்கொண்டிருந்தது.

சீவினேன்.
கறுப்பு இருந்தது, செல் செல்லாகப் புடைத்துக்கொண்டு.
ஆனால் மெலனின் பழுப்பாகத் தூவிக் கிடக்கும்.
இது தார்.
மெலனோமாவைத் துப்பறியும் மூன்று சாயங்களை
ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினேன்.
மூன்றும் வெறுங்கையோடு திரும்பின.
வெளுக்கும் திரவத்தில் ஓர் இரவு ஊறப்போட்டேன்.
மெலனின் என்றால் காலையில் கரைந்திருக்க வேண்டும்.
அது அப்படியே இருந்தது,
வாங்கிய கடனைப்போல.

"பச்சை குத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டார் டாக்டர்.
இல்லை என்றார்.
காலைத் திருப்பிப் பார்த்தோம்.
மச்சம் எடுத்த தழும்புக்கும் மேலே, ஆடுசதையில்,
முடி முளைக்காத, மினுங்குகிற, வெளிறிய இடம்,
ஒரு கையகலம்.
"இது?"

வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"லேசர். பதினோரு தடவை, சாந்தியாகோ வரைக்கும் போய்.
படகில் என் பங்கை விற்ற பணம்."
பிறகு, யாரும் கேட்காமல்:
"ஒதிலியா. பெரிய எழுத்தில்."

லேசர் மையை அழிப்பதில்லை.
நொறுக்குகிறது.
நொறுங்கியதைத் தின்ன வரும் செல்கள்
செரிக்க முடியாமல், துப்பவும் தெரியாமல்,
கவ்வியபடியே மேலேறிக்
கணுவில் உட்கார்ந்துவிடுகின்றன.
ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பது வாங்கிக்கொள்ளும்.

"புற்று பரவவில்லை" என்றார் டாக்டர்.
இரண்டு முறை சொன்னார்.
இரண்டு முறையும் தலையசைத்தார் அவர்.
என்னைப் பார்த்துக் கேட்டது வேறு:
"அதை எடுத்தாச்சா? எல்லாத்தையும்?"

ஒரு கணுவை எடுத்தோம், என்றேன்.
மற்ற கணுக்களில் எத்தனை எழுத்து இருக்கும் என்று
எண்ணிச் சொல்லும் கருவி எங்களிடம் இல்லை.
இதையும் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ.

கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.
சிரிக்கப் பார்த்தாரா, தெரியவில்லை.

ஆய்விதழுக்கு அனுப்பும் குறிப்பில் பெயர்கள் கூடாது.
ஆண், அறுபத்து மூன்று.
கணுவில் கறுப்பு நிறமி, வெளியிலிருந்து வந்தது.
புற்றல்ல.
தகடு பதினாறாம் இழுப்பறையில்.
பத்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

வெளியே வந்தபோது விளக்கு சிவப்பு.
தொப்பியை மறந்திருந்தேன்.
ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன்.