பதின்மூன்று படி ஏணி

எஸ்தோனியாவில், தார்த்து நகரில்,
சூப்பூர் என்றொரு பேட்டை.
கிழங்குத் தெரு, பட்டாணித் தெரு, அவரைத் தெரு.
பசியோடு உட்கார்ந்து பெயர் வைத்திருப்பார்கள் போல.
பட்டாணித் தெரு முனையில்
யாரோ விட்டுப்போன குதிரை லாயம்தான் எங்கள் கிடங்கு.
ஒரு டிரில் மெஷின், இரண்டு இஸ்திரி மேசை,
ஆப்பிள் பிழியும் எந்திரம்,
கூரைப் பனி தள்ளும் நீளக் கரண்டி,
பதினான்கு படி ஏணி.
எல்லாமே எல்லோருடையதும்.
நோட்டு மட்டும் என்னுடையது.

வாங்கிய வீட்டில், ஒன்பது வருடத்தில்,
இந்த டிரில் மெஷின் சுழன்றது
மொத்தம் பதினொரு நிமிடம் என்று
கணக்குப் போட்டுச் சொன்னாள் மாரிகா.
அவள் வீட்டில்தான் இருந்தது அது.
இங்கே வந்தபின்
அதற்கு உட்கார நேரமில்லை.

வியாழன் மாலைகளில் பழுது மேசை.
ராக்நார் கெட்டிலைப் பிரிப்பான்.
சிலது பிழைக்கும். சிலதை
திறக்கவே கூடாதென்று ஒட்டி அனுப்பியிருப்பார்கள்.
கத்தி நுனி பட்டதும் பல்லிளித்து உடையும்.
அப்போது ராக்நார் எழுந்து
கை கழுவப் போவான்.
நெடுநேரம் கழுவுவான்.
திருகாணியும் ஒயரும் எங்களுக்கு,
மிச்சம் கொண்டுவந்தவருக்கே.
குப்பைத்தொட்டி வரை அவர்தான் தூக்கிப்போக வேண்டும்.
விதி அது. எழுதியதும் நான்தான்.

ஏணி — ஹெல்துர் — அவரைத் தெரு — ஒரு நாள்.
எழுதியது மார்ச்சில்.
ஆற்று வெள்ளம் ஏறி வடிந்து
மே பிறந்தும்
அந்த வரி வாய் திறந்தபடி கிடந்தது.
கூரைத் தகரக்குழாயில் அடைத்த இலையை எடுக்க
மூன்று முறை ஏணி கேட்டு வந்து
வெறுங்கையோடு போனாள் ஊர்வே.
இரவல் வாங்கியதை
இரவோடு இரவாகவேனும் தந்துவிட வேண்டும் என்று
ஒரு வசனம் தயாரித்துக்கொண்டு
கிளம்பினேன்.

ஹெல்துர் ஒன்றும் பேசாமல்
பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.
விறகுக் கொட்டகையின் நடு உத்திரம்
பனி பாரத்தில் முறிந்திருந்தது.
முறிந்த இடத்துக்குத் தோள் கொடுத்து
நின்றுகொண்டிருந்தது எங்கள் ஏணி.
நான்காம் படியில் ஒரு கோழி.
"எடுத்துக்கோ" என்றார்.
வசனம் மறந்துவிட்டது.
"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"
"ஏணியைக் கேட்டேனே."

சனிக்கிழமை ஏழு பேர் போனோம்.
கார் தூக்கும் ஜாக்கி இரண்டு.
உத்திரத்துக்கு,
மூடிப்போன படகுத்துறையிலிருந்து ஒரு தூண்,
பச்சை பெயின்ட் இன்னும் உரியாமல்.
மாரிகா வாளியில் சூப் கொண்டுவந்தாள்.
வாளியும் கிடங்குடையதுதான்.
குறித்துக்கொண்டேன்.
ஜாக்கி ஏற ஏற
கூரை முனகி, யோசித்து, எழுந்தது.
ஏணி மட்டும் வர மறுத்தது.
காலிரண்டும் சேற்றில் புதைந்து ஊறிக் கூழாகியிருந்தன,
அடிப்படி வரை.
அறுத்துத்தான் ஆக வேண்டும்.
ரம்பத்தை யாரும் தொடுமுன் ஊர்வே பிடுங்கிக்கொண்டாள்.
மூன்று முறை வந்துபோன கோபம்
முக்கால் நிமிடத்தில் அறுந்து விழுந்தது.

ஏணி — திரும்பியது — பதின்மூன்று படி.
அபராதம் என்ற கட்டத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல்
விட்டு வைத்தேன்.
மறுநாள் ஹெல்துர் வந்து
தானே எழுதிவிட்டுப் போகத் திரும்பினார்:
பிர்ச் விறகு, ஆறு மூட்டை, யாருக்கானாலும்.
"விறகை எப்படித் திருப்பித் தருவார்கள்?" என்றேன்.
இது இரவல் கிடங்கு, ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே.
வாசலில் நின்று சற்று யோசித்தார்.
"சாம்பலைத் தரட்டும்.
வெங்காயப் பாத்திக்கு ஆகும்."

செப்டம்பரில் ஆப்பிள் சிவந்தது.
ஊர்வே வந்தாள்.
உச்சிக் கிளைக்கு ஒரு சாண் எட்டவில்லையாம்,
அவள் அறுத்த அதே ஒரு சாண்.
ஏணி — ஒரு நாள்.
கூடவே ஒரு முக்காலி என்றாள்.
எழுதிக்கொண்டேன்.
முக்காலியின் மேல் ஏணியா,
ஏணியின் மேல் முக்காலியா என்று கேட்க
நோட்டில் கட்டம் இல்லை.
பேனாவை மூடிவிட்டு
பிடித்துக்கொள்ளப் போனேன்.