ஐந்து சென்டிமீட்டர்

அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
வேலியோடு ஒட்டி நிற்கிறான் இயலன்,
மூச்சையும் சேர்த்துப் பிடித்தபடி.
மறுமுனை என்னிடம்.
அகலம் ஆறு மீட்டர் இருபது.
சாமான் கொட்டில் ஒன்று இருபதைத் தின்கிறது.
விழுந்தால் விழுவதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர்.
மிச்சம் மூன்று.
கடையில் இருக்கும் டிராம்போலினோ மூன்று மீட்டர் ஐந்து.
ஊனாவில், வரிசைவீட்டுப் பின்வளவில்,
அளக்காமல் கிடைப்பது மேலே இருக்கிற வானம் மட்டும்.
அதற்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கிறது
ஹோல்ட்காம்ப் அம்மாவின் செர்ரிக் கிளை.

ஆதிரைக்குச் செவ்வகம்தான் வேண்டும்.
புதன்கிழமைகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் போகிற கால்கள்.
"எழும்பின இடத்திலேயே வந்து இறங்கலாம், அம்மா.
ஒருத்தரோட ஒருத்தர் முட்டத் தேவையில்லை."
பதினொரு வயது.
தன் அறைக் கதவில்
'தட்டிவிட்டு வரவும்' என்று ஒட்டியிருக்கிறாள்,
இரண்டு மொழியிலும்.

நேசனுக்கு நிலத்துக்குள் இறக்கவேண்டும்.
வலை வேண்டாம், ஏணி வேண்டாம்,
போன இலையுதிர்காலம் காற்றில் கிளம்பி
ரவுண்டானா நடுவில் போய்க் குந்தியதே ஒன்று,
அப்படி ஒரு மானக்கேடும் வேண்டாம்.
சனிக்கிழமை மண்வெட்டியோடு இறங்கினார்.
ஒரு சாண் புல்மண், பிறகு களி,
உடைந்த ஓடுகள், யாருடையதோ ஒரு நீலக் கோப்பையின் காது.
ஞாயிறு மழை.
திங்கள் காலை அந்தக் குழியில்
ஒரு கரும்பறவை சாவகாசமாய்த் தலைமுழுகிக்கொண்டிருந்தது.
அந்தத் திட்டத்தைப் பற்றி
அதன் பிறகு வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை.

கடைக்காரப் பொடியன் பொறுமைசாலி.
துத்தநாகம் பூசிய குழாய்,
அறுபது சுருள்கம்பி,
வலை உள்பக்கம் என்றால் விரல் நசுங்காது,
ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்,
வரம்பு நூற்றைம்பது கிலோ.
"நீங்கள் எத்தனை கிலோ?" என்று நேசனைக் கேட்டேன்.
காது கேட்காதவர்போல் கம்பிகளை எண்ணினார்.
பிறகு அந்தப் பொடியன் குரலைத் தாழ்த்தி,
பழுது உள்ள காரை விற்கிறவன்போல்,
வட்டத்தில் ஒரு குறை உண்டு என்றான்:
யார் எங்கே குதித்தாலும்
அது நடுவுக்கே இழுத்துவரும்.

நேசன் விடிய நாலுக்குப் போகிறவர்.
நான் இரவு பத்துக்குப் பிறகு வருகிறவள்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் மஞ்சள் தாள்களில்
எங்கள் இல்லறம் நடக்கிறது:
'பால் இல்லை.' 'இயலனுக்குப் பல் வைத்தியர், மூன்று மணி.'

வட்டத்தைக் காட்டி, இது போதும் என்றேன்.
விலையைக் காரணம் சொன்னேன்.
ஆதிரை வீடு வரும்வரை பேசவில்லை.

பூட்டி முடித்த மாலை ஹோல்ட்காம்ப் அம்மா வந்தார்,
கையில் வாள்.
இயலன் என் பின்னால் ஒளிந்தான்.
ஏணி வைத்து, தன் கிளையைத் தானே அறுத்து,
எங்கள் பக்கம் விழுந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
வேலிக்கும் சட்டத்துக்கும் இடையே பார்த்தார்.
தொண்ணூற்றைந்து.
"நான் அளக்க மாட்டேன்," என்றார்,
"ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வரை நான் படுப்பேன்."

ஜூன். இரவு பத்தரை, இன்னும் முழுதாய் இருட்டவில்லை.
முதியோர் இல்லத்திலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தினால்
வலைக்குள் யாரோ.
நேசன், காலுறையோடு, மல்லாந்து.
"கம்பி எல்லாம் சரியாக் கொளுவியிருக்கோ எண்டு பாக்கிறன்."
ஸிப்பைத் திறந்து நானும் ஏறினேன்.
ஓரமாய் இருக்கத்தான் பார்த்தேன், சத்தியமாக.
துணி விடவில்லை.
தோளில் தோள் இடித்து நின்றது.
"எண்பத்திரண்டு," என்றார் இருட்டைப் பார்த்து.
என்னுடையதைக் கூட்டினேன்.
வரம்புக்குள்தான்.

குசினி லாச்சியில் இரண்டு திருகாணிகள் மிச்சம் கிடக்கின்றன.
எதற்கு உரியவை என்று கையேட்டில் இல்லை.
இதுவரை ஒன்றும் கழன்று விழவில்லை.