இரண்டாம் பாகம், பதினெட்டு நாள்

முதல் பாகத்தில் அதை யாரும் பார்த்ததில்லை.
காய்ந்த சிமெண்டுத் தரையில்
ஒரே ஒரு ஈரக் காலடி.
அதற்கே என் சித்தப்பா
மூன்று ராத்திரி கொல்லைக்குப் போகத்
துணை கேட்டார்.

இரண்டாம் பாகத்தில்
அது நான்.

ஆறடி மூன்றங்குலம் தவிர
வேறு தகுதி எனக்கில்லை.
ஒத்தக்கடை பங்க்கில் டீசல் அடித்துக்கொண்டிருந்தவனை
காரை விட்டு இறங்காமலே அளந்தார்
டைரக்டர் ரபீக்.
"பேரென்ன?"
"இருளப்பன்."
"போதும்."

அழகர் ஆற்றில் இறங்கும் முன்
படம் தியேட்டரில் இறங்கிவிட வேண்டும்,
அது தயாரிப்பாளர் கணக்கு.
பதினெட்டு நாள்.
கதை என்ன என்று கேட்டதற்கு
"அதான் மொதப் பாகத்துல இருக்கேப்பா" என்றார்கள்.

வேற்றுக் கிரகம்
மேலூருக்கு அந்தப் பக்கம் கிடைத்தது.
கிரானைட் வெட்டி முடித்த பள்ளம்.
மலை நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர்,
கத்தி வைத்து நறுக்கிய மாதிரி நாலு சுவர்.
செட்டே போட வேண்டாம் என்று
ஆர்ட் டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.
யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

என் தோல், சிம்மக்கல்லில்
கார் சீட் தைக்கிறவர் கொடுத்த ரெக்சின்.
முதுகில் ஜிப்பு,
ஜிப்பை மறைக்க முள்வரிசை.
என் எச்சில், கற்றாழைச் சாறும் ஜவ்வரிசிக் கஞ்சியும்.
பங்குனி வெயிலில் பத்து மணிக்கே புளித்துவிடும்.
எறும்புகள் சாரை கட்டி ஏறி வந்தன,
அந்தக் கிரகத்தில் எனக்கு முந்தியே குடியிருந்தவை.

"காசு போட்டுத் தச்சிருக்கு, முழுசாக் காட்டுங்கய்யா."
முதல் சீனிலேயே
பட்டப்பகலில் ஓடி வந்தேன்.
விஞ்ஞானியாக நடித்த மெர்லின்
என்னைப் பார்த்து அலறுவார்,
கட் சொன்னதும்
ஆராய்ச்சி அட்டையால் எனக்கு விசிறுவார்.

பதினாலாம் நாள் ஜிப்பு மாட்டிக்கொண்டது.
தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்து
காமிராவுக்குப் பின்னால், கல்மேல்,
மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.
சரிவில் ஆடுகள் வந்தன.
அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண்,
முப்பது வயதிருக்கும், தலையில் துண்டு.

என்னைப் பார்த்தாள்.
பாதி மிருகம், பாதி இருளப்பன்,
மீசையில் மோர்.
அவளுக்கு ஒன்றுமில்லை.

பிறகு முக்காலியைப் பார்த்தாள்.
மூன்று கால், மேலே ஒரு கண்ணாடி,
அது தன் பக்கம் திரும்பியிருப்பதை.

"திரும்பவும் அளக்க வந்துட்டீங்களா?"

பதிலுக்கு நிற்கவில்லை.
சினை ஆட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு
மற்றதை ஒரு சத்தத்தில் திருப்பி
மேடேறி மறைந்தாள்.
ஓடிக்கொண்டிருந்த காமிராவை
யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

எடிட்டிங்கில் நீளம் பத்தவில்லை.
அந்த முகத்தைச் சேர்த்தார்கள்,
கேள்வியை வெட்டிவிட்டு.

முதல் நாள், இரண்டாம் ஆட்டம்.
நான் வந்த சீனெல்லாம் விசில்.
"ஜிப்பு தெரியுது மாமோய்" என்று முன்வரிசை.
நானும் சிரித்தேன், என்ன செய்ய.
அவள் முகம் வந்தது,
நாலு நொடி.

தியேட்டரில்
பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை.
எதைப் பார்க்கிறாள் என்று
யாருக்கும் தெரியாது.
பக்கத்து சீட்டுக்காரர்
காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.
பெரியார் நிலையத்துச் சுவரில் என் முகத்தின்மேல்
காதுகுத்து போஸ்டர்.
ரபீக் போன் செய்தார்,
மூன்றாம் பாகமாம்.
"அந்தம்மாவப் புடிக்கணும், பேரு தெரியுமா?"
தெரியாது என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.

நேற்று பங்க்கில் ஒரு ஜீப்.
டேங்கை நிரப்பச் சொன்னார்கள்.
பின் சீட்டில் சாக்கு சுற்றி
மூன்று கால் நீட்டிக்கொண்டிருந்தது.
"எந்தப் படம் சார்?" என்றேன்.

"படமா?" என்றார்கள்.