இன்னும் இரண்டு அவுட்

விடைபெறும் விருந்தில் கொடுத்த பலகையில்
வெற்றி அறுநூற்றுப் பதினொன்று,
தோல்வி ஐந்நூற்று நாற்பத்தெட்டு,
வெர்னா ஷிமெக், சாஃப்ட்பால், முப்பத்துநான்கு பருவங்கள்.
கூட்டிப் பார்த்தேன், கணக்கியல் வாத்தியார் புத்தி.
என் ஏட்டில் ஒரு ஆட்டம் கூடுதல்.

ஏடு பென்சிலில்தான்.
நெப்ராஸ்கா வசந்தத்தில் பேனா உறைந்துவிடும்.
மார்ச்சில் பனியை மண்வாரியால் தள்ளி
அதே மண்வாரியால் குழிகளை மூடி
சுண்ணாம்புக் கோட்டை அவளே இழுப்பாள்.
வளைந்திருந்தால் காலால் அழித்து மறுபடி.
ஆண்களின் பேஸ்பால் திடலுக்கு விளக்குக் கம்பம் எட்டு.
எங்களுக்குச் சூரியன்;
செலவு மிச்சம் பிடிக்க
அதையும் ஆறரைக்கு அணைத்துவிடுகிறார்கள் என்பாள்.

முதல் ஏழு ஆண்டு வேன் ஓட்டியது அவள்,
சீருடை துவைத்தது அவள்.
பாதிச் சம்பளம் உடற்பயிற்சி வகுப்புக்கு,
மீதிப் பாதி எதற்கென்று நிர்வாகமே மறந்திருந்தது.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
பிட்ச்சர்களின் பந்தை ஆயிரமாயிரமாய்ப் பிடித்தாள்.
இடது கட்டைவிரல் மூன்று முறை முறிந்து
மூன்றாம் முறைக்குப் பின் வானிலை சொல்லத் தொடங்கியது.

அந்த ஆட்டம்
தொண்ணூற்றொன்று, மே நான்கு.
ட்வைலா ஹ்ரூஸ்கா வீசினாள்.
பதின்மூன்று பேர் வந்தார்கள்.
பதின்மூன்று பேரும்
மட்டையைத் தரையில் இழுத்தபடி திரும்பினார்கள்.
முதல் பேஸில் நின்ற எங்கள் பெண்ணுக்குப்
பேச்சுத் துணைக்கு ஒரு எதிரிகூட வந்து நிற்கவில்லை.
மூன்றுக்குப் பூஜ்யம், ஐந்தாவது இன்னிங்ஸ்.
இன்னும் இரண்டு அவுட்.
அப்புறம் மழை பெய்யட்டும், இடி விழட்டும்,
விதிப்படி ஆட்டம் ஆட்டம்தான்.

மேற்கே வானம் பச்சையாயிற்று.
இலைப் பச்சை அல்ல.
அடிபட்ட இடம் ஐந்தாம் நாள் காட்டும் பச்சை.
சங்கு இன்னும் ஊதவில்லை.
அம்பயர் அண்ணாந்து பார்த்து
"ஐந்து நிமிஷம் தாங்கும்" என்றார்.
வெர்னா நடந்து போனாள்.
ட்வைலாவின் கையிலிருந்து பந்தை எடுத்தாள்.
எடுக்கத்தான் வேண்டியிருந்தது,
விரல்கள் கொடுக்கவில்லை.

மல்யுத்தக் கூடத்தின் நிலவறையில்
இரண்டு அணியும் வியர்வை நாறும் பாய்களில்.
யாரோ சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைச் சுற்றுக்கு விட்டார்கள்,
எதிரணிக்கும் போய்த் திரும்பி வந்தது.
ட்வைலா மட்டும் சுவரைப் பார்த்து.

சுழற்காற்று வந்தது,
பதினோரு மைல் தள்ளி.
ஒரு சோளக் களஞ்சியத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது.
எங்கள் திடலில் கொடி நனைந்ததோடு சரி.
அரை ஆட்ட வித்தியாசத்தில்
மண்டலப் போட்டி கைநழுவியது.
மதிப்பீட்டுத் தாளில் துறைத் தலைவர்
ஒரே சொல் எழுதினார்: பதற்றம்.
ட்வைலா அடுத்த பருவம் வேறு கல்லூரிக்கு.
கிறிஸ்துமஸ் அட்டை ஒரு வருஷம் வந்தது,
கையெழுத்து மட்டும் போட்டு.

விருந்து முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன்,
இருபத்தைந்து வருஷம் கேட்காததை.
பதினோரு மைல் என்று தெரிந்திருந்தால்?
"வீச விட்டிருப்பேன்," சட்டென்று சொன்னாள்.
கார்க் கதவைத் திறந்து, மூடி,
"தெரியவில்லை" என்றாள்.
பிறகு கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு,
"தார்ப்பாய் போட்டிருக்க மாட்டான் புதுப் பையன்."

இப்போது எங்களுக்கும் விளக்கு உண்டு.
போட்டால் காவலாளி வருவான், போடவில்லை.
விருந்துச் செருப்போடு அவளும்
கழுத்துப்பட்டையோடு நானும்
எட்டுப் பேர் இழுக்கும் தார்ப்பாயை
எட்டுத் தவணையில் இழுத்தோம்.
மூன்று மூலைக்கு மணல்மூட்டை கிடைத்தது.
நாலாவதைக் காற்று தூக்கித் தூக்கி அடித்தது.

கக்கத்திலிருந்த பலகையை எடுத்து
அதன்மேல் வைத்தாள்,
எழுத்து கீழே பார்க்க.
"நல்ல கனம்" என்றாள்.