கசிவுத் துளை

தூத்துக்குடியில் இறங்கிய பழைய இரும்போடு வந்த குழாய்.
எடைக்கு வாங்கி வந்திருந்தார்
ஐஸ் கம்பெனி ரவூப்.
"குளிர்நாட்டுச் சாமான், மெட்டில்டா.
உறைபனிக்கே உடையாதாம். வாசல்ல நட்டுரு."

மூக்கையூரில் தண்ணீர் உறைவது
அவர் கம்பெனிக்குள் மட்டும்தான்.
சொல்லவில்லை. கூலி முன்பணம் வாங்கியாயிற்று.

சாக்கை விரித்துக் கழற்றிப் பார்த்தேன்.
கைப்பிடி மேலே,
அடைக்கும் ரப்பர் நாலடி கீழே,
இரண்டுக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி.
அடியில், தீக்குச்சி நுழையும் அளவு
ஒரு துளை.
ஓட்டை என்றுதான் முதலில் நினைத்தேன்.

இல்லை.
மூடியதும்
தண்டில் நிற்கும் மிச்சத் தண்ணீர்
அதன் வழியே ஜல்லிக்குள் இறங்கிவிடும்.
தங்கினால் உறையும், உறைந்தால் பிளக்கும்.
நெஞ்சில் எதையும் வைத்துக்கொள்ளாத குழாய்.
முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு;
பாதியில் விட்டால்
துளை வழியே பீய்ச்சி
தன் காலடி மண்ணைத் தானே அரிக்கும்.

கூடை ஜல்லி போட்டு நட்டேன்.
மூன்றடியிலேயே குழியில் ஊறியது தண்ணீர்.
அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

நாலு நாளைக்கு ஒருமுறை வரும் காவிரி
அன்று சாயங்காலம் வந்தது. நல்ல வேகம்.
விடியக்காலை முதல் குடத்தை
வாயில் வைத்த பிலோமின்
என் பக்கம் திரும்பித் துப்பினாள்.
"உப்பு."

ராத்திரி கடல் ஏறியிருக்கிறது.
வெளியே விடும் துளைக்கு
உள்ளே விடவும் தெரியும்.

மறுபடி தோண்டினேன்.
படகு எஞ்சினில் கழித்த பித்தளைத் திருகு ஒன்றை
முறுக்கி இறக்கி, எம்சீல் அப்பி,
ஒரு நாள் காயவிட்டேன்.
"அந்தத் துளைக்குத்தானம்மா காசு கொடுத்தேன்"
என்றார் ரவூப்.

இப்போது எல்லாக் குழாயையும் போல அதுவும்.
மத்தியானம் திறந்தால் முதல் செம்பு கொதிக்கிறது;
பிலோமின் அதில் மீன் பலகையைக் கழுவிக்கொள்கிறாள்.
ஆறு மாசத்துக்கு ஒரு ரப்பர்.
கழுத்தில் கசிந்தால் நட்டைக் கால் சுற்று,
அதற்கு மேல் முறுக்கினால் கைப்பிடி அசையாது.
உப்புக்காற்றுக்கு
கம்பியில் கொஞ்சம் கிரீஸ்.

நேற்று லாரியில் ஏற்றும்போது
ஒரு ஐஸ் பாளம் சரிந்து
அதன் காலடியில் விழுந்து உடைந்தது.
ஊர் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ,
தண்டு முழுக்க வேர்த்து நின்றது.
ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டேன்.
அதற்குள் பாளம் பாதியாகிவிட்டிருந்தது.