வெட்டாற்றுப் பாலத்தில் நாற்பது நிமிஷம்

பாலம் ஒற்றை வண்டிக்குக் கட்டியது.
அது பாலத்துக்குத் தெரியும்.
மற்ற யாருக்கும் தெரியவில்லை.

இன்று காலை அதன் நட்டநடுவில்
மூக்கோடு மூக்கு வைத்து நிற்கின்றன
நாகப்பட்டினம் போகிற தனியார் பஸ்ஸும்
அறுவடை எந்திரத்தை முதுகில் ஏற்றிய லாரியும்.
பின்னால் எடுப்பது
இரண்டு டிரைவர்களுக்கும் பரம்பரையிலேயே கிடையாதாம்.

என் ஜெராக்ஸ் கடை பாலத்திலிருந்து எட்டாவது.
ஷட்டரைத் தூக்கினால் ரோடு.
நடுவில் ஒரு படி இருந்தது.
போன ஐப்பசியில் டிப்பர் ஒன்று
அதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
இப்போது எல்லோரும் உள்ளே குதித்துத்தான் கேட்கிறார்கள்:
சிட்டா ரெண்டு, அடங்கல் ரெண்டு,
பாஸ்புக் முன்பக்கம் ஒண்ணு.

ரோட்டின் தென்பாதி முழுக்க நெல்.
கொள்முதல் நிலையத்தில்
திங்கள்கிழமை சாக்கு இல்லை
செவ்வாய் லாரி இல்லை
புதன் ஈரப்பதம் பத்தொன்பது
வியாழன் மறுபடி சாக்கு.
காரணத்துக்கும் நகல் எடுப்பார்கள்போல.
ஆகவே உலகம் போகவேண்டியது
மிச்சமிருக்கும் வடபாதியில்.

ஹாரனை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.
திருச்சி பஸ் அதட்டும்.
மினிபஸ் கெஞ்சும்.
ஸ்கூல் வேன் அழும், உள்ளே பிள்ளைகள் சிரிப்பார்கள்.
கார் மட்டும்
யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்ட மாதிரி
கோபித்துக்கொள்ளும்.

அப்படியொரு வெள்ளைக் காரிலிருந்து
பட்டு வேட்டியோடு ஒருத்தர் இறங்கினார்.
பின்சீட்டில் சீர்வரிசைத் தட்டுகள்,
மேலே கண்ணாடித்தாள், அதற்குள் ஆப்பிள்.
நேரே தையல்நாயகியிடம் போனார்.
அவள் தன் அறுபத்திரண்டு மூட்டைக்கு மேல்
அறுபத்துமூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள்.

“முகூர்த்தம் ஒம்பதரைக்குள்ள.
இந்த ஓரத்து மூட்டைய எடுத்தா நான் நுழைஞ்சிடுவேன்.”
“நுழைஞ்சு எங்க போவீங்க? ஆத்துலயா?”
அவர் பாலத்தைப் பார்த்தார்.
“எவ்வளவு நேரமா இப்படி நிக்குது?”
“பொங்கலுக்கு மறுவாரத்துலேர்ந்து.”

அவர் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
அப்புறம் அவரும் மூட்டைகளை எண்ணுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் விழுந்தது
தை மாசத்தில் விழக்கூடாத ஒரு தூறல்.
ரோடு முழுக்கத் தார்ப்பாய்கள் விரிந்து படபடத்தன.
“நிக்கிறீங்களே, அந்த முனையப் பிடிங்க”
என்றாள் அவரைப் பார்த்து,
கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரரை
வேலை ஏவுகிற குரலில்.

அவர் பிடித்தார்.
காற்று அவரையும் கொஞ்சம் தூக்கியது.

பாலத்தில் பஸ் பின்வாங்கத் தொடங்கியது.
யாரும் சமாதானம் பேசவில்லை,
போலீஸ் வரவில்லை.
டிரைவர் சவுரிமுத்துவுக்கும்
அடுத்த ஊரில் ரோட்டோரம் காய்கிறதாம் நெல்.
எப்படியாவது நகர்ந்தால் போதும் அவருக்கு.

லாரி வந்தது. எந்திரத்தின் பல்
என் போர்டிலிருந்து ‘ஜெ’வை எடுத்துக்கொண்டு போனது.
வழி திறந்துவிட்டது,
வெள்ளைக் காரைத் தவிர.
உள்ளே டிரைவர் இல்லை.
டிரைவர் தார்ப்பாய்க்கு மேல் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.
திருச்சி பஸ், மினிபஸ், வேன்,
இருபத்தைந்து பைக்
எல்லாம் சேர்ந்து அந்தக் காரைத் திட்டின.
நானும் இரண்டு வார்த்தை திட்டினேன்.

அவர் ஓடிவந்து ஏறினார்.
வேட்டிக் கரையில் பதர்.
போகும்போது ஹாரன் அடிக்கவில்லை.
அடித்திருந்தாலும் கேட்டிருக்காது.

பத்து மணிக்குத் தையல்நாயகி கடைக்குள் குதித்தாள்.
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
“ஆதார் ஒண்ணு போடு.
போன வாரம் எடுத்தது நனைஞ்சிட்டு.”