இறக்கை கழுவுதல்

மினியாபோலிஸ், இரவு பத்தே கால்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
வாளிவண்டியின் நீண்ட கை
என்னை மூன்று மாடி உயரம் தூக்குகிறது.
கீழே ஓட்டுவது இன்று ராண்டல்.
அந்த இருக்கை அப்ஷிருடையது.

எதிரே நிற்பது எங்கள் விமானம் அல்ல.
பச்சை வால்.
வாலில் இருக்கும் எழுத்தை எங்கள் ஷிப்டில்
அப்ஷிர் ஒருவன்தான் வாசிப்பான்.
நவம்பரிலிருந்து தினமும் வந்து இறங்குகிறது,
எங்கள் டிக்கெட்டில் பாதி விலைக்கு.
நஷ்டத்தை அவர்கள் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்
என்கிறது சங்கத்தின் துண்டறிக்கை.
ஆம்ஸ்டர்டாம் தடம் மார்ச்சோடு சரி
என்கிறது நிர்வாகத்தின் மின்னஞ்சல்.
இருநூற்றுப் பதினான்கு பேர் போக வேண்டும்.
கீழிருந்து எண்ணினால் நான் நூற்றுத் தொண்ணூறு.

என் சோற்றில் மண் போட வந்தவனின்
இறக்கையைக் கழுவிவிடுவது என் வேலை.
ஒப்பந்தம் அப்படி.
அவர்களுக்கு இங்கே வண்டி கிடையாது, ஆள் கிடையாது,
பனியும் புதிது.

முதலில் ஆரஞ்சுத் திரவம், கொதிக்கக் கொதிக்க.
வெந்த கிழங்கின் தோலாகப் பனி உரிந்து விழும்.
பிறகு பச்சை, கூழ் பதத்தில்,
இனி விழுகிற பனி ஒட்டாமலிருக்க.
ஈரமான மிட்டாய்க் காகிதத்தின் வாசம் அதற்கு.
பதினொரு குளிர்காலமாக என் தலையணை உறையில் இருக்கிறது,
எத்தனை துவைத்தாலும்.

போன வியாழன் புறப்பாட்டு வாசலில் அட்டை பிடித்தோம்.
"எங்கள் வானம், எங்கள் வேலை."
எழுதியவன் அப்ஷிர், அவன் கையெழுத்துதான் அழகு.
எழுதிக்கொண்டே கேட்டான்:
"வானத்துக்கு யார் பட்டா போட்டுக் கொடுத்தது, ட்ரூடி?"
எல்லோரும் சிரித்தோம்.
அவன் 'வேலை'க்கு மட்டும் இரண்டு முறை மை தீட்டினான்.

நேற்று லாக்கர் அறையில்
திருட்டை ஒப்புக்கொள்கிறவன் குரலில் சொன்னான்:
முப்பத்தொன்று ஏ. நாளை இரவு. பச்சை வால்.
ஹர்கெய்சாவில் மனைவி விசாவுக்குக் காத்திருக்கிறாள்.
மகனுக்கு நான்கு வயது.
போன் திரையைத் தட்டித் தட்டி
அப்பாவை வெளியே வரச்சொல்கிறானாம்.
எங்கள் விமானத்தில் ஊழியருக்கு இலவசம்,
ஆனால் ஆம்ஸ்டர்டாம் வரைக்கும்தான்.
அதற்கு அப்பால் போக அவனிடம் காசில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி மாட்டினேன்,
மறுபடி கழற்றினேன்.

கண்ணாடிப் பனி என்று ஒன்று உண்டு.
விளக்கு அதைக் காட்டாது, கேமரா காட்டாது.
உள்ளங்கையை வைத்துத் தடவித்தான் பார்க்க வேண்டும்,
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி.
தடவினேன்.
இறக்கையின் முன்விளிம்பில், கை அகலத்துக்கு,
இருந்தது.

மனம் ஒரு படி இறங்கியது என்று எழுதலாம்.
இல்லை, இறங்கியது நான்தான்.
அரை நொடி.
இந்த இருட்டில் யாருக்குத் தெரியும் என்பதைக் கூட
முழுதாக நினைக்கவில்லை,
அதன் முதல் பாதியை நினைத்தேன்.
அந்தப் பாதியில் அப்ஷிர் இல்லை.
அதுதான் இப்போதும் என்னை உறுத்துகிறது.

குழாயைத் திருப்பினேன்.
"இன்னொரு சுற்றா?" என்றான் ராண்டல்.
"இன்னொரு சுற்று."
ரசீதில் நாற்பது லிட்டர் கூடுதல் என்று எழுதினேன்,
அவர்கள் கணக்கில்.

ரேடியோவில் அந்த விமானியின் குரல்,
எங்கள் ஊர்ப் பெயரை ஒரு எழுத்து தவறவிட்டு,
நன்றி சொன்னது.
இறக்கை சுத்தம், போகலாம் என்றேன்.
ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன,
ஒன்றைத் தவிர.
அது முப்பத்தொன்றா என்று
எண்ணிப் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டது.

அடுத்து வந்தது எங்கள் வெள்ளை வால்.
பாதி ஜன்னல்களுக்குப் பின்னால் ஆளில்லை.
அதற்கும் முதலில் ஆரஞ்சு,
அதே சூட்டில்.